நூற்றில் ஒரு கன்று

ஒரே தொழுவம், ஒரே தீவனம், ஒரே தண்ணீர்த் தொட்டி. முன்பின்னாக ஒரு மாதத்துக்குள் பிறந்த நாலைந்து கன்றுகள் அங்கே நிற்கின்றன. மற்றவை துள்ளிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தேறாது. மயிர் சிலிர்த்து, விலா தெரிய, எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கும். குடற்புழு மருந்து கொடுப்பார்கள், தாதுஉப்பு வைப்பார்கள், கண்ணேறு கழித்தும் பார்ப்பார்கள். இன்னோரிடத்தில் கதை வேறு மாதிரி. ஒன்றரை வயதுக் கிடேரி, நன்றாக வளர்ந்தது. அடுத்த பருவத்துக்குச் சினை ஊசி போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. திடீரென்று வாயில் புண், நீராய்க் கழிச்சல், பத்து நாளில் செத்துப்போகிறது. அதே தொட்டியில் வாய் வைத்த மாடுகளுக்கோ ஒன்றும் ஆவதில்லை. தொற்றுநோய் என்றால் பக்கத்து மாட்டுக்கு ஏன் வரவில்லை? தொற்றுநோய் இல்லையென்றால் இது எதனால் செத்தது?

கன்று தேறாததற்குப் புழுவும் பால் பற்றாக்குறையும் உட்படக் காரணங்கள் பல உண்டு. இந்த அத்தியாயம் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒன்று, தேறாத கன்றையும் செத்துப்போன கிடேரியையும் சேர்த்தே விளக்குகிறது. அது ஒரு வைரஸ். உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் அது உண்டாக்கும் நோயை பி.வி.டி. என்கிறார்கள், தமிழில் மாட்டு வைரஸ் கழிச்சல் என்று சொல்லலாம். மாடு வளர்ப்பு பெருந்தொழிலாக இருக்கும் நாடுகளில் இந்த வைரஸ் எட்டிப்பார்க்காத நாடு அரிது.

நியூயார்க்கில் ஒன்று, அயோவாவில் ஒன்று

1946இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், இத்தாகா நகரைச் சுற்றியுள்ள பால்பண்ணைகளில் புதிதாக ஒரு நோய் கிளம்பியது. மாடுகளுக்குக் காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல். பால் சட்டென்று இறங்கியது. இரத்தத்தைப் பார்த்தால் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. நோய் ஓய்ந்து சில வாரங்கள் கழித்துச் சினை மாடுகள் கன்று வீசின. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலஃப்சன், மெக்கலம், ஃபாக்ஸ் ஆகிய மூவரும் இதை முதலில் பதிவு செய்தார்கள். மாடுகள் கூட்டம் கூட்டமாகப் படுத்தன. ஆனால் செத்தவை நூற்றுக்குப் பத்துகூட இல்லை. அதே ஆண்டு கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்திலும் இதை ஒத்த நோய் பதிவானது. என்னவென்று தெரியாததால் அங்கே அதற்கு எக்ஸ் நோய் என்றே பெயர் வைத்தார்கள்.

ஏழு ஆண்டு கழித்து, 1953இல், அயோவா மாநிலத்தில் ராம்சி, சிவர்ஸ் என்ற இருவர் வேறொரு நோயைப் பற்றி எழுதினார்கள். இதிலும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் உண்டு. ஆனால் கணக்கு தலைகீழ். மந்தையில் ஒன்றிரண்டு மாடுதான் படுத்தது; படுத்தது எழுந்திருக்கவில்லை. உதட்டிலிருந்து குடல்வரை உள்தோல் முழுக்க அரித்துப் புண்ணாகியிருந்ததால் சளிப்படல நோய் என்று பெயரிட்டார்கள்.

அந்தக் காலத்து மருத்துவர்களுக்கு இவை இரண்டும் வயிற்றைக் கலக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாயில் புண்ணும் கழிச்சலுமாக ஒரு மாடு செத்தால் அவர்கள் மனத்தில் முதலில் எழும் பெயர் வெக்கை நோய். ஆப்பிரிக்காவின் மாட்டுச் செல்வத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாரிக்கொண்டு போன நோய் அது. 2011இல் அது உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்படும்வரை, இப்படிப்பட்ட ஒவ்வொரு சாவிலும் அது வெக்கை இல்லை என்று உறுதி செய்தாக வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் பலவற்றுக்கு வந்து சிலவற்றைக் கொன்ற நோய். அயோவாவில் சிலவற்றுக்கு வந்து எல்லாவற்றையும் கொன்ற நோய். இரண்டும் வெவ்வேறு என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் 1950களின் பிற்பகுதியிலிருந்து வைரஸைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் வித்தை கைவந்தபோது, இரண்டு நோயிலும் ஒரே வைரஸ்தான் கிடைத்தது.

ஊசி போட்டும் வராத நோய்

ஒரே வைரஸ் என்றால் சோதிப்பது எளிது. சளிப்படல நோயில் செத்த மாட்டிலிருந்து வைரஸை எடுத்து, நல்ல கன்றுக்கு ஊசியில் ஏற்றினால் அதே நோய் வர வேண்டும். ஏற்றிப் பார்த்தார்கள். கன்றுக்கு இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் கழிச்சல், அவ்வளவுதான். எழுந்து தீவனம் தின்னத் தொடங்கிவிட்டது. கொலையாளி கையில் அகப்பட்டும் கொலையை மறுபடி நடத்திக் காட்ட முடியவில்லை. இந்தச் சிக்கல் ஏறத்தாழ முப்பது ஆண்டு நீடித்தது.

துப்புகள் இரண்டு இருந்தன. முதல் துப்பு இரத்தத்தில். எந்தக் கிருமி நுழைந்தாலும் உடல் அதற்கென்றே அளவெடுத்துச் சில புரதங்களைத் தயாரிக்கும். எதிர்ப்பொருள் என்று பெயர். வைரஸ் கழிச்சல் வந்து பிழைத்த மாட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைய இருக்கும். சளிப்படல நோயில் சாகும் மாட்டின் இரத்தத்திலோ வைரஸ் பெருகிக் கிடக்கிறது, எதிர்ப்பொருள் மட்டும் இல்லை. உடல் தோற்றுப்போனதாகக்கூட இதைச் சொல்ல முடியாது. சண்டையே போடவில்லை.

இரண்டாவது துப்பு கண்ணாடித் தட்டில். மாட்டு உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து அதன்மேல் வைரஸை ஊற்றினால், சில வைரஸ்கள் இரண்டு மூன்று நாளில் அந்த உயிரணுக்களைக் கொன்று ஓட்டை ஓட்டையாக்கிவிடும். சிலவோ உள்ளே புகுந்து பெருகிக்கொண்டே இருக்கும். உயிரணு சாகாது, தட்டைப் பார்த்தால் வைரஸ் இருப்பதே தெரியாது. முன்னதைக் கொல்லும் வகை என்றும் பின்னதை அடங்கிய வகை என்றும் வைத்துக்கொள்வோம். பண்ணைகளில் சாதாரணமாகச் சுற்றிக்கொண்டிருப்பது அடங்கிய வகைதான். சளிப்படல நோயில் செத்த மாட்டில் மட்டும் இரண்டும் சேர்ந்தே கிடைத்தன.

இரண்டு தகப்பன், இரண்டு கன்று

இந்தத் துப்புகளுக்கு விடை, விந்தையாக, வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்வில் முன்பே ஒளிந்திருந்தது. நியூயார்க்கில் நோய் பதிவாவதற்கு முந்தைய ஆண்டு, 1945இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரே ஓவன் என்ற மரபியலாளர் மாடுகளின் இரத்த வகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைக்கு வந்த இரட்டைக் கன்றுகளில் ஒரு சோடி வேடிக்கையானது. தாய் கெர்ன்சி இனப் பசு. கெர்ன்சிக் காளையோடு சேர்த்த அதே நாளில், வேலியைத் தாண்டி வந்த ஹியர்ஃபோர்டு காளையும் அதனோடு சேர்ந்துவிட்டது. பிறந்த இரட்டையில் ஒன்றுக்கு இது தகப்பன், மற்றதற்கு அது தகப்பன். ஆனால் இரண்டு கன்றின் இரத்தத்திலும் இரண்டு தகப்பனின் அடையாளமும் இருந்தது.

மாட்டின் கருப்பையில் இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடி நாளங்கள் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றின் இரத்த அணுக்கள் மற்றதற்குள் போய்க் குடியேறிவிடும். குடியேறியவை அன்னிய அணுக்கள். பெரிய மாட்டுக்குள் இப்படிச் செலுத்தினால் உடல் சில நாளில் அழித்துவிடும். ஆனால் கருவிலேயே வந்து சேர்ந்ததால் ஆயுள் முழுக்க அவற்றைத் தன்னுடையதாகவே உடல் வைத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் பர்னெட் இதிலிருந்து ஒரு கருத்தை உருவாக்கினார். இங்கிலாந்தில் மெடவாரும் அவருடைய கூட்டாளிகளும் அதை எலிகளில் மெய்ப்பித்தார்கள். 1960இல் பர்னெட்டுக்கும் மெடவாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஓவனுக்கும் அதில் பங்கு கொடுத்திருக்க வேண்டும் என்பது இன்றுவரை பலருடைய ஆதங்கம், எனக்கும்தான்.

கருத்து இதுதான். எது நான், எது அன்னியம் என்ற பட்டியல் உடலுக்குப் பிறவியிலேயே எழுதி வருவதில்லை. கருவில் எதிர்ப்பாற்றல் உருவாகும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், அப்போது உள்ளே என்னென்ன இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதப்படுகிறது. புதுக் குடும்ப அட்டைக்குக் கணக்கெடுக்க வந்த நாளில் திண்ணையில் தங்கியிருந்த ஒருவன் பெயரும் ஏறிவிட்டால், பிறகு எந்த அதிகாரி வந்து கேட்டாலும் அட்டைப்படி அவனும் குடும்பத்து ஆள்தான். உடல் தன்னையே தாக்காமல் இருப்பதற்கு வழிசெய்யும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பாற்றல் சகிப்பு என்று பெயர். மாட்டு வைரஸ் கழிச்சலின் அடங்கிய வகை நுழைவது இந்த வாசல் வழியாகத்தான்.

நுழைவதற்கு முன் கருவின் எச்சரிக்கை மணியையும் அது நிறுத்திவிடுகிறது. வைரஸ் உள்ளே வந்ததும் உயிரணுக்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்து அணுக்களுக்குத் தகவல் சொல்வது வழக்கம். இந்த வைரஸின் புரதங்களில் ஒன்று அந்தத் தகவலைக் கிளப்பும் மூலக்கூறைச் சிதைக்கிறது. இன்னொன்று வைரஸின் ஆர்.என்.ஏ. தடயங்களைத் துண்டாக்கி அழிக்கிறது. ஆக, சத்தமும் கிடையாது, தடயமும் கிடையாது.

ஒரு பண்ணை, ஐந்து மாடுகள்

கணக்குக்காக ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். இந்த வைரஸை இதுவரை காணாத பண்ணை. ஒரு நாள் வெளியிலிருந்து ஒரு கிடேரியை வாங்கிவந்து கட்டுகிறார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அது பிறவியிலிருந்தே வைரஸைச் சுமப்பது. அதன் எச்சிலிலும் மூக்கு நீரிலும் மூத்திரத்திலும் வைரஸ் கொட்டுகிறது. ஒரு வாரத்தில் பக்கத்து மாடுகளுக்குத் தொற்றுகிறது. அவற்றில் ஐந்தைப் பின்தொடர்வோம். மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் மாடு சினையில்லை. இரண்டு நாள் மந்தமாக இருந்தது, அரை லிட்டர், ஒரு லிட்டர் பால் இறங்கியது, பிறகு சரியாகிவிட்டது. எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டதால் இனி ஆயுசுக்கும் பெரிதாகப் பயமில்லை.

இரண்டாவது மாடு 25 நாள் சினை. அதுவும் மந்தமாக இருந்து தேறியது. ஆனால் கரு தங்கவில்லை. சில நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வந்து கத்துகிறது. ஊசி போட்டவர்மேல் பழி விழுகிறது. உறைவிந்துக் குச்சி சரியில்லை என்கிறார் ஒருவர், நேரம் தவறிவிட்டது என்கிறார் இன்னொருவர்.

மூன்றாவது மாடு 140 நாள் சினை. இந்தக் கட்டத்தில் கருவின் மூளையும் கண்ணும் வேகமாக உருவாகிக்கொண்டிருக்கும். எதிர்ப்பாற்றலும் அரைகுறையாக விழித்துக்கொள்ளும் நேரம். வைரஸும் எதிர்ப்பும் மோதுகிற இடத்தில் திசு சேதமாகிறது. ஐந்தாவது மாதத்துச் சம்பவத்தின் விளைவை ஒன்பதாவது மாதம் முடிந்து பார்க்கிறோம்: கன்று எழுந்து நிற்க முடியாமல் கால்களை அகட்டிக்கொண்டு தள்ளாடுகிறது, தலை ஆடுகிறது. உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை வளரவேயில்லை. சிலவற்றுக்குக் கண்ணில் புரை. மனிதர்களில் ரூபெல்லா அம்மை இதைத்தான் செய்கிறது. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும். குழந்தைக்குப் பிறவிக் கண்புரை. 1941இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் அந்தத் தொடர்பைக் கண்டு சொன்னபோது நம்பாதவர்களும் இருந்தார்கள்.

நான்காவது மாடு 220 நாள் சினை. கருவுக்கு எதிர்ப்பாற்றல் முதிர்ந்துவிட்டது. வைரஸ் வந்ததும் தானே எதிர்ப்பொருள் தயாரித்து விரட்டிவிடுகிறது. கன்று நல்லபடியாகப் பிறக்கும்.

ஐந்தாவது மாடு 80 நாள் சினை. அதற்கும் இரண்டு நாள் மந்தம், பிறகு சுகம். கருவும் கலையவில்லை. பண்ணைக்காரர் கணக்கில் இந்த மாட்டுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. 200 நாள் கழித்து ஒரு கிடேரிக் கன்று பிறக்கிறது. பெரும்பாலும் ஆள் பார்த்தால் குறை தெரியாது. சில சமயம் கொஞ்சம் சிறுத்திருக்கும். எதிர்ப்பாற்றலின் கணக்கெடுப்பு நடந்த நாட்களில் வைரஸ் உள்ளே இருந்ததால் அதையும் உடல் சொந்தமென்று எழுதிக்கொண்டது. இனி சாகும்வரை அதன் தோல், உமிழ்நீர்ச் சுரப்பி, குடல், இரத்தம் எல்லாவற்றிலும் வைரஸ் பெருகும். ஓர் எதிர்ப்பொருளும் அதற்கு எதிராக எழாது. இதை நிலைத்தொற்றுக் கன்று என்போம். ஏறத்தாழ 40ஆம் நாளிலிருந்து 120ஆம் நாள்வரை தொற்றினால் பிறப்பது இதுதான். இந்தக் கன்று வளர்ந்து சினையானால் அதற்குப் பிறக்கும் ஒவ்வொரு கன்றும் தப்பாமல் நிலைத்தொற்றுக் கன்றுதான்.

நோய் பரவியிருக்கும் நாடுகளில் நூறு மாட்டில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, இப்படிப்பட்டவை. சாதாரணமாகத் தொற்றிய மாடு ஒன்றிரண்டு வாரம் கொஞ்சமாக வைரஸைச் சிந்திவிட்டு ஓய்ந்துவிடும். வெளியில் வெயிலிலும் கிருமிநாசினியிலும் வைரஸ் சீக்கிரம் செத்துவிடும். மண்ணில் கிடந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அடைப்பான் கிருமி போன்றதல்ல. அப்படியிருந்தும் இந்த வைரஸ் உலகம் முழுக்க நிலைத்திருக்கிறது என்றால், அதைத் தாங்கிப்பிடிப்பது அந்த நூற்றில் ஒன்றுதான். படுத்துக் கிடக்கும் மாட்டைவிடத் தீவனத் தொட்டியில் முண்டிக்கொண்டு தின்கிற மாடுதான் இங்கே ஆபத்து. கால்நடை நோய்களில் எனக்கு மிகவும் அதிசயமாகத் தோன்றுவது இந்தத் திருகல்தான்.

மாட்டின் துண்டைத் திருடிய வைரஸ்

இனி முப்பது ஆண்டுச் சிக்கலுக்கு வருவோம். 1984இல் இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தில் பிரவுன்லி, கிளார்க், ஹோவர்டு ஆகியோரும், அடுத்த ஆண்டு அயோவாவின் ஏம்ஸ் நகரிலுள்ள தேசிய விலங்கு நோய் மையத்தில் போலினும் கூட்டாளிகளும் ஒரே சோதனையைச் செய்தார்கள். முன்பு ஊசி போட்டதெல்லாம் நல்ல கன்றுகளுக்கு. இவர்கள் தேர்ந்தெடுத்தது, பார்வைக்கு நன்றாக இருந்த நிலைத்தொற்று மாடுகளை. அவற்றுக்குக் கொல்லும் வகை வைரஸைச் செலுத்தினார்கள். சில வாரத்துக்குள் வாய்ப்புண், கழிச்சல், சாவு. அதே வைரஸைப் பெற்ற சாதாரண மாடுகள் சுகமாக நின்றன.

சளிப்படல நோய்க்கு இரண்டு படிகள் தேவை என்பது தெளிவானது. முதல் படி, கருவில் அடங்கிய வகை தொற்றியிருக்க வேண்டும். இரண்டாவது படி, பிறகு என்றோ ஒரு நாள் கொல்லும் வகை வந்து சேர வேண்டும். கொல்லும் வகை, அடங்கிய வகையை அச்சு அசலாக ஒத்திருந்தால் உடல் அதையும் சொந்தம் என்றே விட்டுவிடுகிறது. தடுக்க ஆளில்லாமல் அது குடலை அரித்துத் தீர்க்கிறது. பக்கத்தில் நிற்கும் மாடுகளுக்கு வைரஸும் வரும், எதிர்ப்பொருளும் வரும், நோய் வராது. கிடேரியின் சாவு தனிச் சாவாக முடிவது இதனால்தான்.

சரி, பண்ணையில் யாரும் ஊசி போடாதபோது கொல்லும் வகை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அந்த மாட்டுக்குள்ளேயே பிறக்கிறது. இந்த வைரஸின் மரபுச்செய்தி ஒற்றை ஆர்.என்.ஏ. இழை, நீளம் ஏறத்தாழ 12,300 எழுத்து. படியெடுக்கும்போது பிழை மலிந்த வைரஸ் இது. எப்போதோ ஒரு முறை, படியெடுக்கும் நொதி வைரஸின் இழையிலிருந்து வழுக்கி மாட்டு உயிரணுவின் சொந்த ஆர்.என்.ஏ.மேல் விழுந்து, அதில் ஒரு துண்டைப் படியெடுத்துவிட்டு மறுபடி வைரஸுக்கே திரும்பிவிடுகிறது. 1989இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மேயர்ஸ், தீல் குழுவினர் இப்படிப்பட்ட வைரஸ் ஒன்றுக்குள் யுபிக்விட்டின் என்ற மாட்டுப் புரதத்தின் செய்தி செருகிக் கிடப்பதைக் கண்டார்கள். செருகிய இடம் முக்கியம். சாதாரணமாக ஒட்டியே இருக்க வேண்டிய இரண்டு வைரஸ் புரதங்கள் அந்தத் துண்டால் தனித்தனியாக வெட்டுப்படுகின்றன. தனியே பிரிந்த புரதம் மிகுந்துபோக, வைரஸ் வரைமுறையின்றிப் பெருகி உயிரணு சாகிறது. துண்டு செருகுவது ஒரு வழி. வேறு சில பிழைகளும் இதே முடிவில் கொண்டுபோய் விடுகின்றன. நிலைத்தொற்று மாடுகளில் பெரும்பாலானவை இரண்டு வயதைத் தாண்டாமல் இப்படியோ, வேறு தொற்று வந்தோ சாகின்றன. தாண்டுபவையும் உண்டு, கன்று போட்டுப் பால் கறப்பவையும் உண்டு.

சீம்பாலுக்கு முன், சீம்பாலுக்குப் பின்

நம் பண்ணையின் நான்காவது, ஐந்தாவது மாடுகளின் கன்றுகளை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரத்தம் சொல்லும். மனிதரைப் போலன்றி மாட்டின் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்பொருளைக் கருவுக்கு விடுவதில்லை. கன்றுக்கு அது கிடைப்பது சீம்பாலில்தான். ஆகவே சீம்பால் குடிக்கும் முன் எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அது கன்று கருவிலேயே தானாகத் தயாரித்தது: நான்காவது மாட்டின் கன்று. எதிர்ப்பொருள் இல்லை, வைரஸ் இருக்கிறது என்றால் ஐந்தாவது மாட்டின் கன்று.

சீம்பால் குடித்தபின் சிக்கல். தாய் வைரஸை வென்ற மாடு. அதன் எதிர்ப்பொருள் சீம்பால் வழியாகக் கன்றின் இரத்தத்தில் நிறைந்து, அங்கிருக்கும் வைரஸைச் சில வாரங்களுக்குச் சோதனைக்குத் தென்படாமல் மூடிவிடக்கூடும். நிலைத்தொற்றுக் கன்று நல்ல கன்றாகச் சான்றிதழ் வாங்கிவிடும். இதற்குக் கண்ட வழி காது. காதுமடலில் பயறளவு தோலைக் கிள்ளி எடுத்துச் சோதித்தால், தோல் உயிரணுக்களுக்குள்ளேயே வைரஸ் பெருகுவதால் சீம்பாலின் தலையீடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு தடவை வைரஸ் தென்பட்டால் மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். வந்து போகும் தொற்றாக இருந்தால் அதற்குள் மறைந்திருக்கும். நிலைத்தொற்றாக இருந்தால் அப்படியே இருக்கும்.

காது வில்லையில் வந்த தபால்

நூற்றில் ஒன்றுதான் வைரஸுக்கு ஆதாரம் என்றால், அந்த ஒன்றை எடுத்துவிட்டால் வைரஸுக்குப் போக்கிடமில்லை. ஸ்வீடனும் நார்வேயும் 1990களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கை நம்பி இறங்கின. தடுப்பூசியே போடவில்லை. பண்ணையின் மொத்தப் பால் தொட்டியிலிருந்து ஒரு குப்பி எடுத்து எதிர்ப்பொருள் பார்ப்பார்கள். நிறைய இருந்தால் மட்டுமே உள்ளே போய் ஒவ்வொரு மாடாகத் தேடுவார்கள். சுவிட்சர்லாந்து 2008இல் ஒரே மூச்சில் நாட்டிலிருந்த மாடுகளை எல்லாம், ஏறத்தாழ 16 லட்சத்தை, சோதித்துவிட்டது.

எனக்குப் பிடித்தது அயர்லாந்து செய்த வேலை. அங்கே கன்று பிறந்ததும் அடையாளக் காது வில்லை மாட்டுவது ஏற்கெனவே சட்டம். 2013 சனவரியிலிருந்து வில்லையிலேயே ஒரு சிறு குப்பியைச் சேர்த்தார்கள். வில்லையைக் காதில் அழுத்தும் அதே அழுத்தலில் துளியளவு தோல் வெட்டுப்பட்டுக் குப்பிக்குள் போய் மூடிக்கொள்ளும். பண்ணைக்காரர் அதை உறையில் போட்டு ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்பிவிடுவார். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கன்றுகள் பிறக்கும் நாட்டில், மருத்துவர் எவரும் பண்ணைக்குப் போகாமலேயே எல்லாக் கன்றுக்கும் சோதனை முடிந்தது. முதல் ஆண்டில் ஆயிரத்துக்கு ஆறேழு கன்றில் தென்பட்ட வைரஸ், பத்தாண்டுக்குள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

தடங்கல் ஆய்வகத்தில் வரவில்லை, பண்ணையில் வந்தது. சோதனை முடிவு வந்தபின்னும் பல விவசாயிகள் அந்தக் கன்றை விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணெதிரே நன்றாகத் தின்று வளர்கிற கன்றை, ஒரு காகிதம் சொல்கிறது என்பதற்காக யார் அழிப்பார்கள்? பிழைத்துக் கொழுத்தால் இறைச்சிக்காவது விற்கலாமே என்ற எண்ணம். அந்தக் காலத்தில் அதே கன்று அடுத்த ஆண்டுக்கான நிலைத்தொற்றுக் கன்றுகளைத் தொழுவத்தில் உண்டாக்கிக்கொண்டிருந்தது. கன்றைச் சீக்கிரம் ஒப்படைத்தால் பணம், வைத்திருந்தால் பண்ணையிலிருந்து மாடு வெளியேறத் தடை, அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் என்று அரசு இறுக்கிய பிறகே வேகம் பிடித்தது. அந்த விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பங்காளிகள்

இந்த வைரஸுக்கு நெருங்கிய உறவுகள் உண்டு. ஆடுகளில் வருவது எல்லை நோய். இங்கிலாந்தும் வேல்ஸும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் முதலில் பதிவானதால் அந்தப் பெயர். கருவில் தொற்றிய செம்மறிக் குட்டி கம்பளிக்குப் பதில் முரட்டு மயிரோடு, உடல் உதறிக்கொண்டே பிறக்கும். பன்றிகளில் வருவது பன்றிக் காய்ச்சல். மூன்றிலும் கொடியது அதுதான். குடும்பத்தைக் கொஞ்சம் அகலமாக எடுத்தால் மனிதரின் ஹெபடைடிஸ் சி வைரஸும் அதில் வருகிறது. அதை ஆய்வகத்தில் வளர்க்க முடியாதிருந்த காலத்தில், மருந்துகளை முதலில் இந்த மாட்டு வைரஸின்மேல்தான் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆய்வகத்துக்கும் இந்த வைரஸுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு, அது சங்கடமானது. உயிரணுக்களைத் தட்டில் வளர்க்க உலகெங்கும் ஊட்டமாகப் பயன்படுவது மாட்டுக் கருவின் சீரம். கருக்களில் சில நிலைத்தொற்று உள்ளவையாக இருந்தால்? பல கருக்களின் சீரத்தை ஒன்றாகக் கலக்கும்போது மொத்தமும் கெடுகிறது. அடங்கிய வகை என்பதால் தட்டைப் பார்த்து எவரும் கண்டுபிடிக்கவும் முடியாது. பிரேசிலிலிருந்து வந்த சீரத்தில்தான் 2004இல் இந்த வைரஸின் மூன்றாவது இனம் வெளிச்சத்துக்கு வந்தது. நெதர்லாந்தில் 1999இல் மாடுகளின் வேறொரு நோய்க்குப் போட்ட தடுப்பூசியில் இந்த வைரஸின் கொடிய இரண்டாம் இனம் கலந்திருந்தது தெரியவர, நாடு தழுவிய திட்டமே நின்றுபோனது.

சினை மாடு வாங்கும்போது

இந்தியாவிலும் மாடுகளில் இந்த வைரஸும் அதற்கான எதிர்ப்பொருளும் கண்டறியப்பட்டிருக்கின்றன. உறைவிந்து தயாரிக்கும் நிலையங்களில் காளைகளை இந்த நோய்க்குச் சோதிப்பது மத்திய அரசு வகுத்த நெறிமுறையில் இருக்கிறது. சரியான ஏற்பாடுதான், நிலைத்தொற்றுக் காளையின் விந்தில் வைரஸ் நிறைய வரும், ஒரு காளையின் குச்சிகள் ஆயிரக்கணக்கான மாடுகளுக்குப் போகும். ஆனால் கோமாரிக்கும் தோல் கழலைக்கும் இருப்பதுபோல் கொட்டகைப் பேச்சில் இதற்கு ஒரு பெயர் இல்லை. கன்று வீசினால் கன்றுவீச்சு நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் வரும், பருவம் தப்பினால் சினை ஊசியின்மேல் சந்தேகம் வரும். இதன்மேல் யாருக்கும் வராது.

சந்தையில் ஒரு மாட்டை விலைபேசும்போது சினை என்று தெரிந்தால் விலை ஏறும். ஒன்று வாங்கினால் இரண்டு. இந்த வைரஸ் விஷயத்தில் அந்த இரண்டாவதுதான் சிக்கல். மேலே சொன்ன ஐந்தாவது மாட்டைச் சினையோடு வாங்குகிறோம் என்று வையுங்கள். இரத்தத்தைச் சோதித்தால் வைரஸ் இருக்காது; அது எப்போதோ வென்றுவிட்டது. எதிர்ப்பொருள் மட்டும் நிறைய இருக்கும், அதைப் பார்த்து நல்ல தடுப்பாற்றல் உள்ள மாடு என்றுதான் தோன்றும். வயிற்றிலோ நிலைத்தொற்றுக் கன்று. மேலைநாட்டுக் கால்நடை மருத்துவர்கள் இதை ட்ரோஜன் பசு என்கிறார்கள். நோயை ஒழித்த நாடுகளுக்கு இன்று பெரிய தலைவலி இதுதான். அங்கே பல ஆண்டுகளாக வைரஸே இல்லாததால் மாடுகளுக்கு எதிர்ப்பொருளும் இல்லை. ஒரு கன்று உள்ளே வந்தால் மந்தை முழுவதும் முதல் தடவையாகத் தொற்றை வாங்கும், அதில் எத்தனை மாடு நாற்பதாம் நாளுக்கும் நூற்றிருபதாம் நாளுக்கும் இடையில் இருக்கிறதோ அத்தனைக்கும் கணக்கு தொடங்கும்.

அதனால் அவர்கள் வைத்திருக்கும் நடைமுறை இது. சினையோடு வாங்கிய மாட்டை மற்ற மாடுகளின் மூக்கு படாத தூரத்தில் தனிக் கொட்டிலில் கட்டுகிறார்கள். ஈனும்வரை அங்கேயே இருக்கும். தண்ணீர்த் தொட்டியும் தனி. கன்று விழுந்ததும் அதன் காதில் கிள்ளி எடுத்த தோல் ஆய்வகத்துக்குப் போகும். வைரஸ் இல்லை என்று கன்றின் பெயரில் சீட்டு வந்த பிறகே தாயை அவிழ்த்து மந்தையில் விடுகிறார்கள்.